இஞ்செராவும் முத்துக்குளித்துறையும்: ஒரே கப்பல் போன ரெண்டு கரை

இந்த எபிசோட் ஒரு சாப்பாட்டு மேசையில ஆரம்பிக்குது. அந்த மேசையில ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டார். எனக்கு அப்போ பதில் தெரியலை. ஊருக்கு வந்து, வேலை முடிஞ்சு கிடைச்ச ராத்திரிகள்ல எல்லாம் படிச்சுட்டு இப்பதான் பதிலோட வர்றேன். லேட்டுதான், ஆனா சொல்லிடணும்.

ஒரு ப்ராஜெக்ட் கோ-லைவுக்காக மூணு வாரம் துபாய்ல இருந்தேன். தங்கினது டெய்ரா பக்கம். ஒரு புதன்கிழமை ராத்திரி மூணு பேர் சாப்பிடக் கிளம்பினோம். நான், என் டீம்ல ஒருத்தர், அப்புறம் தூத்துக்குடியில என்கூட ஆறாம் கிளாஸ்லருந்து படிச்ச நண்பன். அவன் அங்க ஒரு ஷிப்பிங் கம்பெனியில வேலை பார்க்கிறான். அவன்தான் ஒரு சின்ன எத்தியோப்பிய ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போனான்.

டீம்மேட் மெனுவைப் பார்த்துட்டுக் கோழி கேட்டார். பரிமாறின அம்மா, "கோழி இருக்கு. ஆனா இன்னைக்குப் புதன். நான்னா இதைத்தான் சாப்பிடுவேன்"னு ஒரு படத்தைக் காட்டினாங்க. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள். கறி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. மத்த விரத காலங்களையும் சேர்த்தா வருஷத்துல ஏறத்தாழ பாதி நாள் அப்படித்தான். அதனால அவங்ககிட்ட சைவச் சமையல் அவ்வளவு விரிவா இருக்கு. சரின்னு அதையே சொன்னோம். பேர் பேயநேத்து. எல்லாத்துலயும் கொஞ்சம்னு அர்த்தம்.

வந்தது ஒரே ஒரு பெரிய தட்டு. தட்டு முழுக்க இஞ்செரா விரிச்சிருக்கு. பார்க்க ஆப்பத்துக்கும் தோசைக்கும் நடுவுல ஒண்ணு. டெஃப்னு ஒரு தானியம், கேழ்வரகைவிட ரொம்பப் பொடிசு. அதை மாவாக்கிக் கரைச்சு, ரெண்டு மூணு நாள் புளிக்க வெச்சு, பெரிய வட்டக் கல்லுல ஊத்தி மூடி போட்டு வேக வைக்கிறாங்க. திருப்பிப் போடுறதில்லை. மேல்பக்கம் கண்ணு கண்ணா ஓட்டை. அது மேல குவியல் குவியலா மிஸிர் வொட்டுனு செக்கச்செவேல்னு ஒரு மசூர் பருப்புக் குழம்பு, ஷிரோனு ஒரு கடலைமாவுக் குழம்பு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட். ஸ்பூன் கிடையாது. இஞ்செராவைப் பிச்சு, அதாலயே அள்ளிச் சாப்பிடணும்.

மூணு பேர் கை ஒரே தட்டுல. எங்க ஆச்சி டம்ளரை அண்ணாந்துதான் குடிக்கச் சொல்லுவா. அந்த வளர்ப்புல எனக்கே முதல் வாய்க்குக் கொஞ்சம் தயக்கமா இருந்துது. ஆனா நண்பன் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பிச்சுட்டான். அந்த அம்மா, பக்கத்துல இருக்கிறவங்க வாயில ஒரு கவளம் ஊட்டிவிடுறது அவங்க ஊர் மரியாதைன்னு சொன்னாங்க. அதுக்குப் பேர் குர்ஷா.

இங்கதான் அந்தக் கேள்வி வந்துது. டீம்மேட் என் நண்பனைப் பார்த்துக் கேட்டார்: "பாருங்க, இவங்க கிறிஸ்தவம் இவங்களோடது. நீங்க எல்லாம் போர்ச்சுகீசியன் வந்து பாதுகாப்பு தர்றேன்னு சொன்னதும் மொத்தமா மாறினவங்கதானே? உங்க பேர்கூட இறக்குமதிதானே?" கெட்ட எண்ணத்துல கேட்கலை. எங்கேயோ கேள்விப்பட்டதை அப்படியே சொன்னார். நண்பன் பரதவர் சமூகம். எங்க ஊர்ல பர்னாந்து, மச்சாது, மிராந்தா, ரோச்னு பேர் இருந்தா யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம், அவ்வளவு சகஜம். அவன் சிரிச்சுட்டு இன்னொரு துண்டு பிச்சான். ஆனா அதுக்கப்புறம் அவன் பெருசா பேசலை. நானும் பேசலை.

சரி, இப்போ பதிலுக்கு வருவோம்.

ஒரே புத்தகத்துல ரெண்டு துறைமுகம்

முதல்ல ஒரு சின்ன விஷயம். எத்தியோப்பியாவும் எங்க கரையும் ஒண்ணுக்கொண்ணு புதுசு இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டுல கிரேக்க மொழியில எழுதின ஒரு கடல்வணிகக் கையேடு இருக்கு, எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ். அதுல செங்கடல் கரையில அடூலிஸ்னு ஒரு துறைமுகம் வருது. அதுதான் பழைய எத்தியோப்பிய அரசான அக்சுமின் கடல்வாசல், இன்னைக்கு எரித்திரியாவுல இருக்கு. யானைத் தந்தமும் ஆமை ஓடும் அங்கிருந்து போகுது. இந்தியாவிலிருந்து இரும்பும் பருத்தித் துணியும் அங்க வந்து இறங்குது. அதே புத்தகத்துல பாண்டிய நாட்டுக் கொற்கையும் வருது. அங்க தண்டனைக் கைதிகளை வெச்சு முத்துக் குளிக்கிறாங்கன்னு குறிப்பு. கொற்கை இப்போ கடல்ல இருந்து சில கிலோமீட்டர் உள்ள தள்ளி, தூத்துக்குடி மாவட்டத்துல ஒரு சின்ன ஊர்.

அக்சும் மன்னர் எசானா நாலாம் நூற்றாண்டுல கிறிஸ்தவரானார். ஐரோப்பாவுல பல நாடுகள் கிறிஸ்தவத்துக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே எத்தியோப்பியா வந்தாச்சு. அந்த வகையில டீம்மேட் சொன்னதுல பாதி சரி. மீதிப் பாதிக்கு 1530களுக்குப் போகணும்.

முத்து யாருக்கு?

முத்துக்குளித்துறைன்னா குமரிமுனையிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் வரைக்கும் நீளும் கரை. மணப்பாடு, வீரபாண்டியன்பட்டணம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பார், வேம்பார் எல்லாம் அதுல வரும். கடலுக்கு அடியில சிப்பி படியிற இடத்துக்குப் பார்னு பேர். மூழ்குறவர் ஒரு கல்லைக் காலில் கட்டிக்கிட்டு இறங்குவார். படகுல ஒருத்தர் கயிறு பிடிச்சிருப்பார். மூச்சு இருக்கிறவரைக்கும் சிப்பியை அள்ளிப் போட்டுட்டுக் கயிறை இழுத்தா மேல தூக்குவாங்க. மூச்சு அவரோடது. கிடைக்கிற முத்துல பங்கு அரசனுக்கு, குத்தகைக்காரனுக்கு, வியாபாரிக்கு.

1530களின் தொடக்கத்துல இந்தக் கரையில பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் பெரிய மோதல். இதை மதச் சண்டைன்னு மட்டும் சொல்றது பாதிக் கதை. ரெண்டு பேரும் இதே கரைக்காரங்க, இதே தமிழ் பேசுறவங்க. முத்துக்குளிப்பு யார் கையில இருக்கணும்கிறதுதான் அடியில இருந்த பிரச்சினை. பாண்டியர் ஆட்சி நொறுங்கி, கரையைக் கட்டிக் காக்க ஒரு பலமான அரசு இல்லாத காலம் அது.

அப்போ ஜான் த குரூஸ்னு ஒரு குதிரை வியாபாரி வர்றார். மலபார்க்காரர், லிஸ்பன் போய் ஞானஸ்நானம் வாங்கினவர். அவர்தான் பரதவத் தலைவர்கள்கிட்ட கொச்சியில இருக்கிற போர்ச்சுகீசியர்கிட்ட போகச் சொல்றார். 1535 வாக்கில் ஒரு குழு போகுது. அடுத்த ரெண்டு வருஷத்துல ஆயிரக்கணக்கானவங்க ஞானஸ்நானம் பெறுறாங்க. வழக்கமா சொல்ற கணக்கு 20,000. 1538இல் ராமநாதபுரம் கடற்கரையில் வேதாளை என்ற இடத்தில் பட்டு மரக்காயரின் கப்பற்படையைப் போர்ச்சுகீசியர் தோற்கடிக்கிறார்கள். அந்தப் படைக்குத் தலைமை மார்ட்டிம் அபோன்சோ டி சோசா. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆக, பாதுகாப்புக்காகத்தான் போனாங்களா? ஆமா. இதை மறைக்கவேண்டிய அவசியமே இல்லை.

அதே கோவா, அதே கப்பல்கள்

இப்போ அதே வருஷங்கள்ல செங்கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு பார்ப்போம். எனக்குத் தூக்கிவாரிப் போட்ட இடம் இதுதான்.

1529இல் எத்தியோப்பியப் பேரரசர் லிப்னா டெங்கலின் படையை இமாம் அகமது இப்ராஹிம் ஷிம்பிரா குரே போர்க்களத்தில் தோற்கடிக்கிறார். அடுத்த பத்து வருஷத்துக்கு மேல நாட்டின் பெரும்பகுதி அவர் கையில. அவருக்குப் பின்னால ஒட்டோமான் துருக்கியரின் துப்பாக்கிகள். பேரரசர் ஓடி ஓடி, 1540இல் இறந்தே போறார். அதுக்கு முன்னாடி அவர் உதவி கேட்டு ஆள் அனுப்பினது யார்கிட்ட? போர்ச்சுகீசியர்கிட்ட.

1541இல் கோவாவிலிருந்து ஒரு கப்பற்படை செங்கடலுக்குக் கிளம்புது. கூட்டிட்டுப் போனவர் கோவாவின் ஆளுநர் எஸ்டெவாவ் ட காமா, வாஸ்கோ ட காமாவோட மகன். அவர் மசாவா துறைமுகத்துல தன் தம்பி கிறிஸ்டோவாவோட 400 வீரர்களை இறக்கிவிட்டுட்டுத் திரும்புறார். 1542இல் கிறிஸ்டோவாவ் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். மிச்சமிருந்த வீரர்களும் எத்தியோப்பியப் படையும் சேர்ந்து 1543இல் போரை ஜெயிச்சாங்க. இமாம் அகமது அதில் இறந்தார்.

1542இல் கோவாவில் எஸ்டெவாவுக்கு அடுத்து ஆளுநரா வந்தது யார் தெரியுமா? வேதாளையில ஜெயிச்ச அதே மார்ட்டிம் அபோன்சோ டி சோசா. அவர் வந்த கப்பல்லதான் பிரான்சிஸ் சவேரியாரும் கோவாவுக்கு வந்து இறங்கினார். அந்த வருஷக் கடைசியிலேயே சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்துட்டார்.

பத்து வருஷத்துக்குள்ள, ஒரே கோவா, ஒரே ஆட்கள், ரெண்டு கரை. ரெண்டு கரையும் உதவி கேட்டது, ரெண்டுக்கும் உதவி வந்தது. ரெண்டு பேருமே பாதுகாப்புக்காகத்தான் போனாங்க. "இவங்களோடது இவங்களோடது"ன்னு டீம்மேட் சொன்ன எத்தியோப்பியாவும் சேர்த்து.

உதவிக்கு வந்த பில்

எத்தியோப்பியாவுல போர் முடிஞ்சதும் பில் வந்துது. நீங்க ரோமை ஏத்துக்கணும்னு கேட்க ஆரம்பிச்சாங்க. 1557இல் இயேசு சபையினர் வந்தாங்க. 1622இல் பேரரசர் சுசென்யோஸ் வெளிப்படையா கத்தோலிக்கரானார். 1625இல் அபோன்சோ மெண்டஸ் என்ற பெரிய குரு வந்து, எல்லாத்தையும் ரோம் முறைக்கு மாத்த ஆரம்பிச்சார். வழிபாடு, திருநாள் காலண்டர், அப்புறம் விரதம். புதன்கிழமை விரதத்தை விட்டுட்டுச் சனிக்கிழமைக்கு மாறணும். நாடு முழுக்கக் கலகம். கலகத்தை அடக்க முடியாம பேரரசர் இறங்கி வந்து கொடுத்த சலுகைகள்ல ஒண்ணு, புதன் விரதத்தைத் திருப்பி வெச்சுக்கலாம்கிறது. அதுவும் போதலை. 1632இல் பழைய மதமே தொடரட்டும்னு அறிவிச்சுட்டு மகன் பாசிலிதாஸ்கிட்ட ஆட்சியைக் கொடுத்தார். மகன் இயேசு சபையினரை நாட்டைவிட்டே அனுப்பினார்.

நாங்க மூணு பேரும் கை வெச்ச அந்தப் புதன்கிழமைத் தட்டு இருக்கே, அதைக் காப்பாத்த ஒரு நாடே கலகம் பண்ணியிருக்கு. சாப்பிடும்போது எனக்கு அது தெரியாது.

சரி, எங்க கரையில? இங்கயும் பில் வந்துது. முத்து வருமானத்துல போர்ச்சுகீசியர் கை வெச்சாங்க. இங்கிருந்த போர்ச்சுகீசிய அதிகாரி மக்களைப் படுத்தின பாட்டைச் சவேரியாரே தன் கடிதங்கள்ல கோபமா எழுதியிருக்கார். அதே சமயம் வேற ஒண்ணும் நடந்துது. தமிழ் தெரியாம வந்த சவேரியார், ஜெபங்களைத் தமிழ்ல மொழிபெயர்க்கச் சொல்லி மனப்பாடம் பண்ணி ஊர் ஊரா சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின்னால வந்த ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழை முறையாவே கத்துக்கிட்டார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவரோட 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்துல இந்தியாவில அச்சான முதல் புத்தகம். தலைப்புல இருக்கிற தம்பிரான்கிற சொல்லைப் பாருங்க. அது லிஸ்பன்ல இருந்து கப்பல்ல வந்ததில்லை.

அப்புறம் 1658. இந்த வருஷம்தான் டீம்மேட் கேள்விக்கு உண்மையான பதில்.

அந்த வருஷம் டச்சுக்காரங்க தூத்துக்குடியைப் பிடிச்சாங்க. போர்ச்சுகீசியர் போயாச்சு, அவங்க பாதிரியார்கள் வெளியேற்றப்பட்டாச்சு. இப்போ கடலும் முத்தும் பாதுகாப்பும் டச்சுக் கம்பெனி கையில. அவங்க புராட்டஸ்டண்ட். பால்டேயுஸ்னு அவங்க போதகர் ஒருத்தர் தூத்துக்குடிக்கே வந்து பரதவர்களைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தார். பாதுகாப்புக்காக மட்டும் மாறினவங்கன்னா, அன்னைக்கே மாறியிருக்கணும். லாஜிக் அதானே? பாதுகாப்பு கொடுக்கிறவன் மாறிட்டான், நீயும் மாறு.

மாறலை. டச்சுக்காரங்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல இருந்தாங்க, 1825இல்தான் தூத்துக்குடி முழுசா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவ்வளவு காலத்துலயும் பரதவர்கள் கத்தோலிக்கராவே இருந்தாங்க. சிப்பி எடுக்க மூழ்குற ஆட்கள் டச்சுக்காரங்களுக்கு வேணும், அதனால ஓர் அளவுக்கு மேல அழுத்த முடியலைன்னும் சொல்லலாம். இருக்கலாம். ஆனா ஆளுறவன் மதத்துக்குப் போனா லாபம் இருக்கும்போது போகாம இருக்கிறது சின்ன விஷயம் இல்லை.

நான் முதல்ல இதை ஏ/பி டெஸ்ட் மாதிரி பார்த்தேன். ஒரே இன்புட், ரெண்டு கரை, எதிரெதிர் அவுட்புட். ஒருத்தங்க போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததை வேண்டாம்னாங்க, இன்னொருத்தங்க வெச்சுக்கிட்டாங்க. ஆனா தள்ளி நின்னு பார்த்தா ரெண்டும் ஒரே செயல். 1632இல் எத்தியோப்பியர்களும் 1658க்கு அப்புறம் பரதவர்களும் பலமானவன்கிட்ட சொன்னது ஒண்ணுதான்: நாங்க எப்படிக் கும்பிடுறதுன்னு நீ முடிவு பண்ணாத. எத்தியோப்பியாவுல அது ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு. எங்க கரையில அப்போ நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. வயசுதான் வித்தியாசம்.

சிவப்புக் குழம்பு

இப்போ தட்டுல இருக்கிற அந்தச் சிவப்புப் பருப்புக் குழம்புக்கு வருவோம். அந்த நிறம் பெர்பெரேங்கிற மசாலாவோடது. மிளகாய்தான் அதுக்கு அடிப்படை, கூட வெந்தயம், ஏலக்காய் வகைகள், இஞ்சி, பூண்டுன்னு நிறைய. நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் கண்ணை மூடிட்டுச் சாப்பிட்டா, வீட்டுக் குழம்புக்கு ரொம்ப தூரம்னு சொல்ல மாட்டான்.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பஸ் போறதுக்கு முன்னாடி எத்தியோப்பியாவிலும் மிளகாய் இல்லை, தூத்துக்குடியிலும் இல்லை. பாண்டியன் சாப்பிட்ட காரம் மிளகும் திப்பிலியும். 16ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியக் கப்பல்கள் வழியாத்தான் மிளகாய் இந்தியாவுக்கு வந்துது. நாம அதுக்கு வெச்ச பேரைப் பாருங்க: மிளகு போலக் காரமா ஒரு காய், மிளகாய். டி சோசாவே இந்தியாவுக்கு வர்றதுக்கு முன்னாடி பிரேசில்ல இருந்தவர். 1532இல் அங்க சாவோ விசென்ட்டிங்கிற ஊரை நிறுவினார். ஒரே மனுஷனோட வாழ்க்கைக்குள்ள பிரேசிலும் வேதாளையும் வந்துடுது. அந்த ரூட்லதான் செடிகளும் வந்துது.

எங்க ஊர் மக்ரூனுக்கும் இதே கதைதான். பேர் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்க பாதாம்ல செய்றாங்க, இங்க முந்திரியில. முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் நுரைக்க நுரைக்க அடிச்சு, முந்திரித்தூளைப் போட்டு, கூம்பு கூம்பா வெச்சுச் சுடுறாங்க. அந்த முந்திரியும் பிரேசில்காரன். போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. ஆனா கோவில்பட்டி கடலைமிட்டாய் மாதிரி, திருநெல்வேலி அல்வா மாதிரி, தூத்துக்குடி மக்ரூன்னுதான் நாம வாங்கிட்டுப் போறோம். வாங்குற யாரும் இது இறக்குமதியான்னு கேட்கிறதில்லை.

எனக்கு உறுத்துற இடம் இதுதான். சாப்பாட்டுக்கு நாம ஒரு சட்டம் வெச்சிருக்கோம், மனுஷங்களுக்கு வேற சட்டம். அதே கப்பல்ல வந்த மிளகாய் இல்லாம நமக்குச் சாம்பார் இல்லை. அதை நாம தமிழர் சமையல்னு பெருமையா சொல்றோம். அதே கப்பல்ல வந்த ஒரு பேரை நானூறு வருஷத்துக்கு மேல வெச்சிருக்கிறவனைப் பார்த்து, உன்னோடது இறக்குமதிதானேன்னு கேட்கிறோம். எங்கிருந்து வந்ததுங்கிறதுதான் அளவுகோல்னா, ரெண்டுக்கும் ஒரே அளவுகோல் வேணும். வந்ததை எடுத்து, தன் கைப்பக்குவத்துல மாத்தி, எவன் வந்து விடச் சொன்னாலும் விடாம வெச்சிருக்கிறதுதான் அளவுகோல்னா, மிளகாயும் நம்மது, மக்ரூனும் நம்மது, ஆகஸ்ட் 5 அன்னைக்குப் பனிமய மாதா கோவில் தெருவுல நிக்கிற கூட்டமும் நம்மது.

முத்து மட்டும்தான் நிக்கலை. எங்க பக்கம் கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். துபாயும் முத்துக்குளிச்ச ஊர்தான். ஜப்பான்ல முத்தை வளர்க்க ஆரம்பிச்சதும் 1930கள்லேயே அங்க தொழில் படுத்துடுச்சு. இத்தனை பேரைக் கப்பலேத்தி இழுத்துட்டு வந்த பொருள் ரெண்டு கரையிலயும் இல்லை. கூடவே சத்தமில்லாம வந்த மிளகாய் இருக்கு.

போன வாரம் இந்த ஸ்கிரிப்ட்டை நண்பனுக்கு அனுப்பினேன், உன்னைப் பத்தி வருது, போடலாமான்னு கேட்டு. ராத்திரி போன் பண்ணினான். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"ன்னான். தெரியாதுடான்னேன். "எனக்கும் 1658 தெரியாது. எங்க தாத்தா, மாறச் சொன்னாங்க, மாறலைன்னு மட்டும் சொல்லுவார். யார் சொன்னா, எப்பன்னு சொன்னதில்லை"ன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, டீம்மேட் இந்தப் பாட்காஸ்ட் கேட்பாரான்னு கேட்டான். கேட்பார்னு நினைக்கிறேன்.

கேட்டுட்டிருந்தீங்கன்னா, அண்ணே, கோபம் இல்லை. அடுத்த தடவை போகும்போது அதே ஹோட்டல், அதே தட்டு. வெள்ளிக்கிழமையா பார்த்துப் போவோம். முதல் குர்ஷா நீங்க அவனுக்கு ஊட்டுங்க.